நூறால் பெருக்கு

ஒரு பிராங்க் என்றால் நூறு ரூபாய்,
கூடக்குறைய இருக்கும் என்று
விமானத்திலேயே சொல்லிவிட்டார் டூர் மேனேஜர்.
அதற்கப்புறம் எனக்குக் கண் தெரியவில்லை,
கணக்குதான் தெரிந்தது.

சூரிக் ரயில் நிலையம்.
காப்பி ஐந்தரை. ஐந்நூற்று ஐம்பது.
ஒற்றை வாழைப்பழம் தொண்ணூறு.
கழிப்பறைக்கு இரண்டு பிராங்க்.
இருநூறு ரூபாய் மிச்சமென்று
அடக்கிக்கொண்டே நடந்தேன்.

பெயின்ட் கம்பெனி கூட்டிவந்த டீலர்கள்,
பதினெட்டு ஜோடி.
டார்கெட்டைத் தாண்டி எமல்ஷன் விற்றதற்கு
அருப்புக்கோட்டையிலிருந்து நானும் இவரும்.
மஞ்சள் கொடி முன்னே போக
ஒரே நிறத் தொப்பியில் பின்னே போனோம்.

இவர் ஊரைப் பார்க்கவில்லை,
சுவரைப் பார்த்தார்.
நானூறு வருஷத்துக் கட்டடத்தை
நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டி
"புட்டியே வைக்கல பார்" என்றார்.
தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து
லிட்டர் கணக்குப் போட்டார்.
நான் அதையும் நூறால் பெருக்கினேன்.

பெரிய கடைத்தெரு.
கண்ணாடிக்குள் கடிகாரங்கள்,
ஒன்றிலும் விலை இல்லை.
எங்கள் ஊரில் விலையில்லா என்றால்
மிக்சி, கிரைண்டர், மின்விசிறி.
இங்கே விலையில்லா என்றால்
கேட்காதே என்று அர்த்தமாம்,
போடி சண்முகவடிவு அக்கா சொன்னாள்.
பெருக்க எண் எதுவும் அகப்படாமல்
முதல்முறையாகச் சும்மா நின்றேன்.

எல்லோரும் உள்ளே போனார்கள்.
இவரும் போனார்,
கடையின் உள்சுவரைப் பார்க்க.
"ஒரு மணி நேரம், இங்கேயே கூடுவோம்."

எதிரே வெள்ளையும் நீலமுமாய் ஒரு டிராம் வந்து
கதவைத் திறந்துகொண்டு நின்றது.
அது போகட்டும் என்று விட்டேன்.
அடுத்ததையும் விட்டேன்.
மூன்றாவதற்கு எந்திரத்தில் காசு போட்டேன்.
மூன்று பிராங்குக்குள்தான்.
பெருக்கவில்லை. மறந்துவிட்டது.

கடை, வீடு, வங்கி, மாமியார் வைத்தியம்,
இருபத்திரண்டு வருஷத்தில்
தனியாக ஒரு வண்டியில் ஏறியது
பிரசவத்துக்குப் போன ஆட்டோ மட்டும்.
அதிலும் டிரைவர் தெரிந்த பையன்.

ஆறு வந்தது, பாலம் வந்தது.
ஏரிமேல் வெயில் தகரம் போல அடித்தது.
அன்னங்கள், நிஜ அன்னங்கள்,
ஓர் ஐஸ்கிரீம் கோனுக்காக
அசிங்கமாய்ச் சண்டை போட்டன.
பெயர் வாசிக்க வராத ஒரு நிறுத்தத்தில்
இறங்கினேன்.

சாதாரணத் தெரு.
பால்கனியில் போர்வை காய்ந்தது.
சாரத்தில் நின்று ஒருவர்
சுவருக்கு ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தார்.
எங்கள் முனியசாமிக்கு இருக்கும் அதே கறைக் கால்சட்டை,
காதில் அதே மாதிரி சொருகிய பென்சில்.
ஏதோ சொன்னார். வணக்கம் என்றேன்.
அவர் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும்.

முச்சந்தியில் கல் தொட்டி,
குழாயிலிருந்து நில்லாமல் தண்ணீர்.
காசு போடத் துவாரம் தேடினேன், இல்லை.
சைக்கிளை நிறுத்திய ஒரு பெண்
குனிந்து குடித்துவிட்டுப் போனாள்.
தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு
நானும் இரண்டு கையும் ஏந்திக் குடித்தேன்.
பல் கூசியது.
முந்தானை நனைந்து தொலைந்தது.

திரும்பும் டிராமில்
வழி தவறிவிடுவேனோ என்று
ஒரு நிறுத்தம் முழுக்கப் பயந்தேன்.
அடுத்த நிறுத்தத்தில்
தவறினால்தான் என்ன என்று இருந்தது.
தவறவில்லை.

மஞ்சள் கொடிக்குக் கீழே பதினேழு ஜோடியும் இவரும்.
"எங்க போன?"
"பாத்ரூம்."
"ரெண்டு பிராங்கா?"
"ஆமா."
"தொப்பி எங்க?"
அதற்குத்தான் பதில் இல்லை.

இரவு, ஓட்டல் அறை.
இவர் குறட்டை.
கணக்கு நோட்டை விரித்தேன்.
கடை தொடங்கிய நாள் முதல்
ஒரு பைசா பிசகாத கை இது,
ஆடிட்டரே சொல்லியிருக்கிறார்.
காப்பி எழுதினேன், வாழைப்பழம் எழுதினேன்.
பேனாவைக் கொஞ்ச நேரம் கடித்துவிட்டு
அடுத்த வரியில்
தேநீர் என்று எழுதினேன்.