விரிசல் பதிவேடு

பிப்ரவரியில் பதினேழு கண்ணாடித் துண்டுகள் ஒட்டினேன்,
சாந்தோம் பேராலயத்தின் பதினேழு விரிசல்களுக்குக் குறுக்கே.
விரல் நீளம், நிறமில்லை, எபாக்சிப் பசை.
சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.
அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

மேலே இருப்பவை வேறு ரகம்:
நீலமும் ரத்தச் சிவப்புமாய்
ஈயத்தில் கோத்த புனிதர்கள்.
கோதிக் என்பது
வெயில் போதாத ஊர்க்காரர்களின் ஏக்கம்.
சுவரைக் கிழித்து, சன்னலை நீட்டி,
கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தை அண்ணாந்து குடித்தவர்கள்.
அதைக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள்,
கத்திரியில் காக்கையே நிழல் தேடுகிற இடத்தில்.
இங்கே அந்தச் சன்னல்களுக்கு நேர்மாறான வேலை:
வெயிலை ஆற்றித் தருவது,
டம்ளருக்கும் டபராவுக்கும் இடையே.

கோபுரம் நூற்றைம்பத்தைந்து அடி.
அடியில் கல்லறை.
போர்த்துக்கீசியர் கட்டியதை
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் இறக்கிவிட்டு
இந்தக் கூர்வளைவுகளை ஏற்றினார்கள்.
அதற்கும் முந்தைய கற்கள் சில
இதே மண்ணிலிருந்து எழுந்து வந்தன,
தமிழ் வெட்டிய கற்கள்,
பாதி வாக்கியத்தோடு.
வினைமுற்று இன்னும் எந்த அஸ்திவாரத்துக்குள்ளோ.

பங்கிராஸ், வெள்ளையடிப்பவர், நொச்சிக்குப்பம்,
சாரத்தில் உட்கார்ந்து தேக்குக் கூரையைக் காட்டினார்.
'கவுத்துப்போட்ட கப்பல்னு ஃபாதர் சொல்வாரு.
எங்க கட்டுமரத்தக் கவுத்துப் பாருங்க மேடம்,
கூரை வராது. கட்டதான் வரும்.'

கூர்வளைவைப் பற்றி அவரிடம் சொல்ல நினைத்தேன்:
இரண்டு வில்கள், தனியே நின்றால் இரண்டும் விழும்,
ஒன்றின் விழுதலில் மற்றது சாய்ந்துகொள்கிறது.
அதற்குள் பீடிக்கு இறங்கிவிட்டார்.

ஐப்பசி அடைமழை. கார்த்திகையில் ஒரு புயல்.
வாடைக்காற்று உப்போடு வந்து சுண்ணாம்பை நக்கியது.
டிசம்பரில் டார்ச்சோடு போனேன்.
பதினாறு முழுசு.
ஒன்பதாம் எண், பாடகர் மாடத்துப் படிக்கட்டு,
உயரம் மூன்று மீட்டர் நாற்பது:
குறுக்கே, சுத்தமாக, இரண்டு.

அன்றிரவு தூங்கவில்லை.
நூற்றுச் சொச்சம் வருடம் நின்றது
என் கண்முன் கடலைப் பார்த்து
ஒரு மயிரிழை சாய்கிறது.
கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்க மாட்டேன்.
'நகர்கிறது' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
மறைமாவட்டத்துக்கு ஒரு நகல்.

மறுநாள் பங்கிராஸ்
பாவசங்கீர்த்தனக் கூண்டைத் தாண்டி
நேராக என்னிடம் வந்தார்,
தலைத்துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு.
'ஏணி பட்டுடுச்சு மேடம். ஜூலையிலயே.
கேப்பீங்கன்னு நெனச்சேன்.'

மன்னிக்கிற அதிகாரம் எனக்கில்லை.
அதே ஏணியை அவரைப் பிடிக்கச் சொல்லி
பழைய பசையைச் சுரண்டினேன்.
புதுத் துண்டு. தேதி. கையொப்பம்.
ஒட்டி முடிக்கையில்
மாலைச் சன்னலிலிருந்து யாரோ ஒரு புனிதரின்
மேலங்கிச் சிவப்பு
அந்த நிறமில்லாத கண்ணாடியில் சற்றுத் தங்கி,
பங்கிராஸின் முழங்கைக்கு இறங்கி,
சுண்ணாம்பு வாளிக்குள் போனது.

நகலுக்குத் திருத்தம் அனுப்பியாயிற்று. காரணம்: ஏணி.
என் பதிவேட்டில் மட்டும்
அந்த ஒரு சொல்லை இன்னும் அடிக்கவில்லை.