ஐந்து சென்டிமீட்டர் பொய்

சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு கம்பிகள்,
பென்சில் நீளம்கூட இல்லை.
நீ இவ்வளவு உயரம் என்று
வண்டிக்குச் சொல்வது அவைதான்.

ஸ்வான்ஹில்தூர் அவற்றைக் கழற்றி
அளவு மாற்றிய வேறு நான்கைப் பூட்டினாள்.
முழங்கைவரை கிரீஸ். பல்லிடுக்கில் ஸ்பானர்.

சாவியைத் திருப்பியதும்
தான் குள்ளமென்று நம்பிவிட்டது வண்டி.
கம்பிரசர் இருமியது.
மாடு எழுவதுபோல் பின்பக்கம் முதலில்,
பிறகு முன்பக்கம்.
இடது மூலை மட்டும் கொஞ்சம் யோசித்தது.

டேப்பில் ஐந்து சென்டிமீட்டர் கூடுதல்.
திரையில் இன்னமும் 'சாதாரண உயரம்'.
"அதற்குச் சொல்லிவிடாதே" என்றாள் என்னிடம்.

அக்கரை மேட்டில் எங்கள் பதினேழு ஆடுகள்
இன்னும் இறங்கவில்லை.
நடுவே பனியாறு.
மதியம் திரும்பினால் உருகி வீங்கும்,
சிமென்ட் கரைத்த நிறத்தில்.

இடுப்பில் கயிறு கட்டி, கோலூன்றி
பாதிவரை போய்த் திரும்பினாள்.
நடுங்கிக்கொண்டே கதவருகில் நின்றாள்.
அவள் கால்சட்டையின் ஈரக்கோடு
கதவின் அடிவிளிம்புக்கு மேலே
ஒரு சாண்.

அந்தக் கோட்டை மாற்ற
எந்தக் கம்பியும் இல்லை எங்களிடம்.
எஞ்சினை அணைத்தாள்.
ஃபிளாஸ்கில் இருந்தது ஒன்றரைக் கோப்பை காப்பி.
அரையை எனக்குத் தந்தாள்.

குளிரில் உறைந்து விடிந்தபோது
ஆறு முழங்காலுக்கு இறங்கியிருந்தது.
எங்கள் இடது மூலையும்
இரவெல்லாம் காற்றைக் கசியவிட்டு
கூழாங்கல்லில் தாடை வைத்துக் கிடந்தது.

சாவி.
இருமல்.
இருவரும் அந்த மூலையையே பார்த்தபடி.