மீட்டருக்கு மேலே ஆறு சொடுக்கு

மின்வாரியத்தில் கணக்கீட்டாளர் நான்.
பணகுடி தொட்டு ராதாபுரம் சாலை வரை
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
வீட்டு மீட்டர்களை அண்ணாந்து பார்த்து
உள்ள எண்ணை உள்ளபடி எழுதுவது என் சோறு.
ஒரு யூனிட் கூட்டினால் மெமோ.
குறைத்தாலும் மெமோ.

வள்ளியூர் ஸ்டூடியோ சாமுவேல் பொன்ராஜ்
பழைய கேமராவை என் தலையில் கட்டினார்,
பித்தான்களின் இடுக்கில்
யார் வீட்டுக் கல்யாணச் சந்தனமோ ஒட்டியிருந்தது.
ஆறு மாதம் ஆட்டோவிலேயே ஓட்டினேன்.
ஆட்டோ நல்லதுதான்,
ஏறி உட்கார்ந்தால் கொண்டுபோய் இறக்கிவிடும்.
எந்தத் தெரு வழியாக வந்தோம் என்று மட்டும்
கேட்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
டயலைத் திருப்பி மேனுவலில் வைத்தேன்.
முதல் படம் முழு வெள்ளை.
இரண்டாவது அமாவாசை.
மூன்றாவதில் என் செருப்பு,
அதுவும் ஒன்றுதான்.

சின்ன எண்ணுக்குப் பெரிய துளை,
பெரிய எண்ணுக்குச் சின்னத் துளை.
இந்தத் தலைகீழ் மண்டையில் ஏற
ஸ்கூட்டியில் போகையில் எல்லாம் முணுமுணுத்தேன்.
காவல்கிணற்றில் ஒருத்தி கேட்டாள்:
"யாருக்காக ஜெபம் பண்ணுதிய?"

ஆடிக் காற்று
ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து
ஊரையே உலுக்கிக்கொண்டிருந்தது.
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
காத்தாடிகளைக் குறிவைத்தேன்.
ஆயிரத்தில் ஒரு நொடி:
மூன்று இறக்கைகளும் ஆணி அடித்தாற்போல் நின்றன,
காற்றே வராத ஊர் மாதிரி.
அந்தி மங்கியதும் எட்டில் ஒரு நொடி:
இறக்கைகள் புகை,
கம்பம் மட்டும் மிச்சம்.
எதை எழுதிக்கொள்வது என்று தெரியவில்லை.
இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சதுரத்துக்குள்
இன்னொரு மீட்டர் இருந்தது.
லீவு நாளிலுமா!
நடுவில் பூஜ்யம்,
இருபுறமும் குட்டிக் குட்டிக் கோடுகள்.
பூஜ்யத்தில் நிற்கவைத்தே பழகினேன்,
தொழில் தோஷம்.
அதற்கோ உலகம் முழுக்கச் சாம்பல்தான்.
சுண்ணாம்பு அடித்த கோபுரத்தையும் சாம்பலாக்கும்,
குளத்தில் கிடக்கும் எருமையையும் சாம்பலாக்கும்.

வயர்மேன் உச்சிமாகாளி
டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் சோற்று வாளியோடு நின்றான்.
"யக்கா, நம்மளயும் ஒண்ணு எடுங்க.
பின்னால காத்தாடி தெரியணும்."
எடுத்தேன். மீட்டர் சொன்னபடி, பூஜ்யத்தில்.
வானம் நீலம், காத்தாடி பளிச்,
நடுவில் ஆள் வடிவில் ஒரு ஓட்டை.

எட்டிப் பார்த்தான். சிரித்தான்.
"எப்பவும் இப்டித்தாங்க்கா.
கல்யாண ஆல்பத்துல மட்டும் வெள்ளையா இருப்பேன்.
கம்ப்யூட்டர்ல பவுடர் போட்டு
வேற ஒருத்தனை உக்கார வச்சிட்டான்.
என் மவ கேக்கா,
இது யாருப்பா, அம்மா பக்கத்துல?"

நான் பதில் சொல்லவில்லை.
பெருவிரலுக்கு அடியில் சக்கரம் இருந்தது.
மூன்று சொடுக்குக்கு ஒரு படி.
ஒன்று, இரண்டு, மூன்று.
கோடு வலப்பக்கம் நகர்ந்தது.
பத்தொன்பது வருஷ சர்வீஸில்
மீட்டர் காட்டாத எதையும் நான் எழுதியதில்லை.
நான்கு.
ஐந்து.
உள்ளங்கை வேர்த்தது, சத்தியமாக.
ஆறு.

வானம் வெந்து வெள்ளையாகிப் போனது.
காத்தாடி கரைந்தே போனது.
ஆனால் முகம் இருந்தது.
கறுப்பு கறுப்பாகவே,
உள்ளே ஆள் இருக்கும் கறுப்பு.
இடப்புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு,
மீசையில் ஒட்டிய ஒரு பருக்கை,
பேசவந்து நிறுத்திக்கொண்ட உதடு.

நெடுநேரம் பார்த்தான்.
"காத்தாடி எங்கக்கா?"
"எரிஞ்சு போச்சு."
"போட்டும்" என்றான்.
வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

திங்கட்கிழமை, முதல் வீடு.
நாய் குரைத்தது, கதவு திறந்தது.
நாலாயிரத்து இருநூற்று எழுபத்தொன்று.
வெள்ளை அட்டையில்
நாலாயிரத்து இருநூற்று எழுபத்தொன்று
என்றே எழுதினேன்.
பெருவிரல்தான்
பேனாவின் முதுகில்
இல்லாத சக்கரத்தைத் தேடிக்கொண்டிருந்தது.