தொண்ணூற்றைந்து விழுக்காடு

லென்ஸோடு சேர்த்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
வில்யோ பிறந்தபோது இதைப்போல் மூன்று மடங்கு இருந்தான்.
அவனை என் கையில் தந்தபோது
யாரும் குறைநிறைப் பட்டியல் படிக்கவில்லை.

தார்மோ கண்ணாடி மேசைமேல்
இரண்டு கேமராவையும் வைத்தார்.
இடதுபக்கம் இருந்தது மக்னீசிய உடம்பு,
மழை தாங்கும், இரண்டு அட்டைக்கு இடமுண்டு.
விலையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்,
நோயின் பெயரைச் சொல்வதுபோல.
வலதுபக்கம் இருந்தது என்னுடையது.
இன்னும் நான் தொடக்கூட இல்லை,
என் காலணியைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இது நொடிக்கு ஐந்து படம்" என்றார்.
அது?
"எட்டு."
எட்டென்றால், ரப்பர் வட்டு
கோலியின் கையுறைக்குள் விழும் கணமே சிக்கலாம்.
ஐந்தென்றால் அதற்கு முன்னும் பின்னும்.
போகட்டும்,
எனக்கு வாய்த்ததெல்லாம் முன்னும் பின்னும்தான்:
காகித ஆலையில் ஷிப்ட் முடித்து ஓடிவந்தால்
மூன்றாம் பகுதி பாதி முடிந்திருக்கும்.

ஐ.எஸ்.ஓ. மூவாயிரத்து இருநூறைத் தாண்டினால்
முகத்தில் மணல் தூவியதுபோல் ஆகிவிடும்.
கெமியின் பனியரங்கிலோ
பாதி விளக்கை நகராட்சி எரிய விடுவதில்லை.
திரை மடங்காது.
பதினான்கு படம் தொடர்ந்து எடுத்தால்
மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்,
மூன்றாம் மாடியில் நான் நிற்பதைப் போல.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
எண்ணூற்று நாற்பத்தொன்பது யூரோவுக்கு
கூழ் மட்டும்தான் என்பதைத் தார்மோ
வேறு வார்த்தைகளில், மிக மரியாதையாகச் சொன்னார்.

கடைசியாக, மன்னிப்புக் கேட்பவர்போல:
"வியூஃபைண்டரில் தொண்ணூற்றைந்து விழுக்காடுதான் தெரியும்.
மிச்சம் ஓரங்களில்
நீங்கள் பாராமலே படத்துக்குள் வந்துவிடும்.
பிறகு வெட்டிக்கொள்ளலாம்."

வெட்டிக்கொள்ளலாம்.
பன்னிரண்டு தவணை. கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
மாற்று பேட்டரியை உள்பனியனுக்குள் வைத்து
என் சூட்டைக் கொடுத்தேன்.
வில்யோ வலைமுன் குந்தியிருந்தான்,
கம்பி முகமூடிக்குள் என் மூக்கு.
அழுத்தினேன், அழுத்தினேன்.
ஒவ்வொரு முறையும் உள்ளே கண்ணாடி எழும்ப
ஒரு சிமிட்டல் இருட்டு.
எடுக்கிற கணம் மட்டும்
எடுப்பவளுக்குத் தெரிவதில்லை.
இதைத் தார்மோ சொல்லவில்லை.
விலை கூடியதிலும் இப்படித்தானாம்.

இரவு, சமையலறை மேசையில் கணினி.
வட்டு வருவதற்கு முன்.
வட்டு போன பின்.
தொண்ணூற்று மூன்றாவது படத்தில் இடது ஓரம்,
காபி இயந்திரத்தின் பக்கத்தில்
ஒரு பச்சைத் தொப்பி.

பெரிதாக்கினேன். மணல், மணல்.
மணலுக்குள் யார்னோ.
வெள்ளிக்கிழமை
"வர முடியாது. வேலை." என்று
மூன்றே சொல் அனுப்பியவன்.
அடுத்த படத்திலும் இருந்தான்.
அதற்கடுத்ததில்
மகன் எந்தப் பக்கம் சாய்கிறானோ
அதே பக்கம் சாய்ந்திருந்தான்,
காபி சிந்தி.

வெட்டும் கருவியை எடுத்தேன்.
கோடு அவன் தோளுக்கு நேராக வந்து நின்றது.
அடுப்பை அணைத்தேன். துணி காயப் போட்டேன்.
திரும்பி வந்தபோது திரை தானாக உறங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை தார்மோ அழைத்தார்.
யாரோ பெரியதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்களாம்,
ஒரு சின்னக் கீறல், விலை நன்றாக இறங்கியிருக்கிறது,
பதினான்கு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்,
"அதில் நூறு விழுக்காடும் தெரியும்."

வேண்டாம் என்றேன்.
விலையா என்று கேட்டார்.
ஆமாம், விலைதான் என்றேன்.