பைக்கு ஒரு கதிரை

பதினான்கு.
அலுமாரியின் மேல்தட்டில்
ஒவ்வொன்றும் தன் வெள்ளைத் துணிப்பைக்குள்
மூச்சில்லாமல் படுத்திருந்தது.
பைக்கும் ஒரு பை வேண்டியிருந்தது.
வாங்கியதற்கெல்லாம் காரணம் இருந்தது:
போனஸ், பதவி உயர்வு,
பிறகு, காரணமே இல்லாத ஒரு ஞாயிறு.

கார்த்திகை மழை பத்து நாள் விடாமல் பெய்து
பாரிஸ் தோலில் பூஞ்சணம் பூத்த அன்றுதான்
எண்ணிப் பார்த்தேன்.
அதுவரை ஆரும் கேட்டால் "நாலைஞ்சு" என்பேன்.

கலியாண மண்டபங்களில்
என் பைக்கும் ஒரு கதிரை பிடிப்பேன்.
நெல்லியடியில் ஒரு முறை
கைத்தடியோடு வந்த ஒருவர்
நின்றபடியே தாலிகட்டுப் பார்த்தார்.
நான் பையைத் தூக்கவில்லை.
இதை எவருக்கும் சொன்னதில்லை.

ஒன்பது கொழும்புக்குப் போயின, கூரியரில்.
இரண்டை வங்கியில் பக்கத்து மேசைச் சுபோதினி
தவணைக்கு எடுத்தாள்; கடைசித் தவணை இன்னும் வரவில்லை.
பூஞ்சணம் பிடித்ததை
மணந்து மணந்து பார்த்தபடி மச்சாள் கொண்டுபோனாள்.
கரும்பச்சை ஒன்று,
அதைக் கொடுத்ததில்தான் மனம் ஆறவில்லை.
பச்சைச் சேலை உடுத்தும் வெள்ளிகளில்
தோள் தேடுகிறது.

மிச்சம், மண்ணிறத்தில் ஒன்று.
வார் அறுந்து, பெரியகடையில்
சப்பாத்துத் தைப்பவர்
கறுத்த நூலால் தைத்துத் தந்தது.

இன்று பாசையூர்ச் சந்தையில்
ஈரச் சீமெந்தில் அதை இறக்கி வைத்துவிட்டு
இரண்டு கையாலும்
விளைமீனின் செவுளைப் பிரித்துப் பார்த்தேன்.
ஒரு செதில் பறந்து வாரில் ஒட்டியது.
ஒட்டட்டும்.

வீட்டுப் படலையடியில் பைக்குள் கை விட்டேன்.
முதல் துழாவலிலேயே
திறப்பு.