நாலாவது எஞ்சின்

முதலாவது செத்தது கட்டுக்குருந்தையில்,
அந்த நீண்ட வலது வளைவில்.
ஒரு தட்டல். பிறகு கணக்கில்லாத தட்டல்.
பின் கண்ணாடி முழுக்க நீலப் புகை.
பின்னால் வந்தவன் கை தூக்கி ஏசினான்.

இரண்டாவதும் அங்கேதான்.
மூன்றாவது ஏழாம் சுற்றில்
கொன்றொட் பிளொக்கைத் துளைத்து
வெளியே எட்டிப் பார்த்தது,
படலையில் ஆரென்று பார்க்கிறது போல.

கொழும்புக்கு வெங்காயம் கொண்டுபோன லொறியில்
வெறுங்கையோடு திரும்பாமல் என் ஸ்ரார்லெற்.
சீற்றுக்கடியில் இன்னும்
வெங்காயச் சருகு கிடக்கிறது.

பஞ்சிகாவத்தை பாயிஸ் போனில் விலை சொன்னார்.
அதே 4E வேண்டுமா, ஒன்றே முக்கால் லட்சம்,
"ஜப்பான்ல ஒரு டொக்டர் ஓடின வாகனம், தங்கச்சி."
ஜப்பானில் எல்லா எஞ்சினையும்
டொக்டர்மார்தான் ஓடியிருக்கிறார்கள்.
5E என்றால் மவுண்ட் மாற்றத் தேவையில்லை,
ஆயிரத்தைந்நூறு சீசீ, இழுவை கூட.
ஆனால் வகுப்பு மாறும்;
அந்த வகுப்பில் ஹொண்டாக்கள் காத்திருக்கின்றன.
ரேர்போ?
விலைக்கு முதல் அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.
நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு வங்கியில் அடகுப் பகுதி.
ஊராரின் காப்பை உரசி, நிறுத்து, எழுதுகிறவள்.
அதே தராசில் இரண்டு முறை என் காப்பும் ஏறியது.
"இருபத்திரண்டு கரட், நெளிவு இல்லை"
என்று என் கையெழுத்திலேயே சீட்டு.

யூட் குருநகரில் அவுட்போட் மோட்டர் திருத்துகிறவன்.
கார் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை.
"கடலுக்க நிண்டா ஆளில்லை, லோஜி.
நீ நிண்டா இறங்கி நடப்பாய்.
அதுதான் உனக்கு எஞ்சினில பயமில்லை."

மண்ணெண்ணெயில் கார் ஓடிய ஊர் இது.
போத்தலால் ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி உசுப்பினால்
புகை கக்கிக்கொண்டு பருத்தித்துறை வரை போகும்.
அவை எதையும் குடித்தன, சாகவில்லை.
ஒருத்தரும் அவற்றிடம்
ஏழாயிரம் சுற்றுக் கேட்கவில்லையே.

உதயன் பேப்பரை விரித்து
மூன்று எஞ்சினின் பெயறிங்குகளையும் வரிசையாய் வைத்தான்.
மூன்றும் ஒரே மாதிரிச்
செப்புத் தெரியத் தேய்ந்திருந்தன.
பிறகு சம்ப்பில் ஒயில் ஊற்றி
தாச்சியைச் சரிக்கிறது போலச் சரித்தான்.
ஒயில் முழுக்க இடது சுவரில் ஏறி நின்றது.
உறிஞ்சும் குழாயின் வாய்
நடுவில், வெளியே, காய்ந்துபோய்.

"இஞ்ச பார். காத்தைக் குடிச்சிருக்கு."

நான் ஒன்றும் பேசவில்லை.
ஐந்து லட்சம் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மில்லித் தகடு, ஒரு பழைய அலுமாரிக் கீல்:
ஒயிலை உள்ளே விடும், வெளியே விடாத சின்னக் கதவு.
எண்ணூறு ரூபாய்.
வெல்டிங்குக்குக் கூலியாக ஒரு நெக்டோ.
இரண்டாவது எஞ்சினின் பிளொக்கைக் கோண்டாவிலில் கடைந்து
அரை மில்லி பெரிய பிஸ்டன் போட்டோம்.
கிராங் மூன்றாவதினது அல்ல,
அதைக் கேட்கவே யூட் சிரித்தான்.
அறுநூறு சுற்றைக் குறைத்து லிமிட்டரும் வைத்தான்.
நான் சண்டை பிடித்தேன். தோற்றேன்.

விடியற்காலை, கல்லுண்டாய் வெளி.
காய்ந்த உவர் நிலத்தில்
வலது பக்கமாக வட்டம், வட்டம், வட்டம்.
கொக்குகள் தள்ளிப்போய் நின்று பார்த்தன.
நான் பாதையைப் பார்க்கவில்லை.
அழுத்த ஊசியை மட்டும்:
நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து. நாற்பத்தைந்து.

பதினோராம் வட்டத்தில்
ஊசி ஒருக்கால் நடுங்கியது.

முந்தி என்றால் இன்னும் மிதித்திருப்பேன்.
கால் தானாக மேலே வந்தது.

யூட் புழுதிக்குள் நடந்து வந்து
பொனற்றைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவி,
சாரத்தில் துடைத்தான்.

"அரை லீற்றர் கூட விட்டுப் பாப்பம்."