பழுதுக்கான காரணம்

மோட்டார் மேல் குற்றமில்லை.
முதலிலேயே சொல்லிவிட்டேன்.
உள்சுவர் சுவிட்சைத் தட்டினால் கராஜ் கதவு ஏறுகிறது,
சங்கிலி கொஞ்சம் முனகுகிறது, அவ்வளவுதான்.
சந்தேகமெல்லாம் வெளியே தூணில் இருக்கிற
எண்பலகை மேல்.

திருமதி சியூ குடையை மடக்காமல் நிற்கிறார்.
நேற்றிரவு ரிமோட்டில் பேட்டரி தீர்ந்து,
மகன் வந்து திறக்கும்வரை
இதே தூணருகே நாற்பது நிமிடம் நனைந்தாராம்.
ஒன்று மூன்று ஆறு எட்டு,
ஒன்று மூன்று ஆறு எட்டு என்று
எனக்கும் அழுத்திக் காட்டினார்,
வராத லிஃப்டை அழைப்பதுபோல,
ஒவ்வொரு தடவையும் இன்னும் பலமாக.

சிராங்கூன் கார்டனில் நாலு மணி மழை
சொன்ன நேரத்துக்கு வந்திருந்தது.
மூடியைக் கழற்றினேன்.
ஒன்பது வோல்ட் பேட்டரி, மீட்டரில் எட்டே முக்கால். போதும்.
முனைகளில் பச்சை பூத்திருந்தது, சுரண்டினேன்.
ரப்பரைத் தூக்கினால்
ஓர் ஊர்.
நொய்யரிசி முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு
திசைக்கொன்றாய் எறும்புகள்.
நாலாம் எண்ணுக்கு அடியில் வாசல் வைத்திருந்தன.
இந்த வீட்டில் நாலை யாரும் தொடுவதில்லை என்று
எப்படியோ தெரிந்திருக்கிறது.

ஸ்பிரிட், பழைய பல்துலக்கி.
ஊதினேன். மன்னிப்பும் கேட்டேன், தமிழில்,
திருமதிக்குக் கேட்காதபடி.

அப்போதுதான் பொத்தான்களைச் சரியாகப் பார்த்தேன்.
ஒன்று, மூன்று, ஆறு, எட்டு
கடையிலிருந்து வந்த நாள்போல.
இரண்டும் ஐந்தும் ஒன்பதும் சுழியமும்
வெள்ளை உதிர்ந்து, வழுவழுத்து,
விரல்நுனி அளவுக்குக் குழிந்து.

காரில் வருகிறவர்கள்
கண்ணாடியைக்கூட இறக்காமல் உள்ளே போவார்கள்.
நடந்து வருகிறவருக்குத்தான் எண்பலகை.
யார் இதை அழுத்துவது, மேடம்?
“சுமார்னி. ஒன்பது வருஷம் இருந்தாள்.
ஜூனில் ஊருக்குப் போனாள். திரும்ப மாட்டாள்.”

ஜூன்.
எறும்புக்கு அது தாராளம்.

எல்லாவற்றையும் பொருத்தி
ஒன்று மூன்று ஆறு எட்டு.
சிவப்பு, மூன்று சிமிட்டல்.

நாலு எண்ணுக்கு இருபத்துநாலு வரிசை.
நான் துப்பறிய வந்தவனில்லை,
ஆறு மணிக்கு ஈசூனில் இன்னொரு கேட் இருக்கிறது.
ஆனாலும் கை போனது:
இரண்டு, ஐந்து, சுழியம், ஒன்பது.
யாருடையதோ ஒரு செப்டம்பர் இருபத்தைந்து.

கதவு ஏறியது.

திருமதி சியூ குடையை மடக்கினார்.
“அது என்ன நம்பர்?”

பொருத்த வந்தவன் அன்றைக்கு
வாசலில் நின்ற ஆளைக் கேட்டிருப்பான்,
ஏதாவது நாலு எண் சொல்லுங்கள் என்று.
வாசலில் நின்றது நீங்கள் இல்லை.
இதை நான் சொல்லவில்லை.
பழைய நம்பர், என்றேன்.

அவர் ஒன்பதின் மேல் விரல் வைத்தார், அழுத்தாமல்.
மாதங்களை எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது,
எங்கேயோ நின்றது.
“அழித்துவிடலாம்தானே?”

அழிக்கலாம்.
மோட்டாரின் முதுகில் மஞ்சள் பொத்தான்.
தொட்டுவிட்டால் கற்றுக்கொள்ளும்,
ஆறு விநாடி பிடித்தால் மறக்கும்,
இரண்டுக்கும் ஒரே பொத்தான்.
ரிமோட்டையும் சேர்த்து மறந்துவிடும், மேடம்,
எல்லாவற்றையும் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும்.
தலையசைத்தார்.

ஏணியில் ஏறி அழுத்தினேன்.
மூன்று.
நாலு.
ஒன்பது வருஷம், காய்கறிப் பை ஒரு கையில்,
மறுகையில் இந்த நாலு எண்.
ஆறு.
விளக்கு அணைந்தது.

புது நம்பர் என்ன போடட்டும்?
“ஏதாவது போடு. நாலு மட்டும் வேண்டாம்.”

எண்பது வெள்ளி.
மழையில் ஓரம் நனைந்த படிவத்தில்
பெயர், முகவரி, மாற்றிய பாகங்கள்: இல்லை.
கடைசிக் கட்டம், பழுதுக்கான காரணம்.
அரை வரிக்குத்தான் இடம்.

எறும்பு என்று எழுதி
கையெழுத்து வாங்கினேன்.